சிப்பாய்க் கலகம் மக்கள் எழுச்சியானது எவ்வாறு?

ஒரு நிகழ்ச்சிக்கு இடப்படும் பெயரே அதன்மீது வழங்கப்படும் தீர்ப்பாகி விடுவதுண்டு. 1857ஆம் ஆண்டில் வட இந்தியாவில் மூண்டெழுந்த பெருந்தீயை ஆங்கிலேயர் 'சிப்பாய்க் கலகம்' என்றனர். நம் முன்னோர் பாடசாலையிற் படித்த சரித்திரப் புத்தகங்களிலும் அப்பெயரே காணப்பட்டது. உப்பிட்டவரை மறந்து சேவகர் எசமானுக்குத் துரோகம் செய்தனர் என்னும் கருத்து அப்பெயருக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது. 1909ஆம் ஆண்டில் சாவர்க்கர் அதனைச் 'சுதந்திரப் போர்' என்று பெயரிட்டு நூல் எழுதினார். நூற்றாண்டு நினைவு கொண்டாடப்பட்ட 1957ஆம் ஆண்டிலே, பேராசிரியர் மஜும்தார் போன்ற சரித்திர ஆசிரியர்கள் அப்பெயரும் பொருந்தாது என வாதிட்டனர். உண்மையில் இவ்விவாதம் தீ மூண்ட அந்த ஆண்டிலேயே தொடங்கி விட்டது. 1857 யூலை மாதத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் டிஸ்ரேலி எழுந்து, இது வெறும் படைக் கலகமா அன்றி ஒரு தேசத்தின் கிளர்ச்சியா என்று வினவினார்.

பெயரைப் பற்றிய வழக்கைச் சற்று ஒதுக்கி வைப்போம். அதனினும் பயனுள்ள வினா ஒன்று உண்டு. படைவீடுகளிற் பிறந்த மனக்குறை வயல்வெளிக்கு வந்தது எவ்வாறு? சிப்பாயின் கோபம் உழவனின் கோபமானது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் ஐம்பது ஆண்டுகள் பின்சென்று, தமிழ்நாட்டு வேலூர்க் கோட்டையை எட்டிப் பார்த்தல் வேண்டும்.

வேலூரில் அரை நாள்

கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன் 1816ஆம் ஆண்டு முதற் சிறையிருந்து, 1832இல் உயிர் நீத்த இடம் என்ற வகையில் வேலூர்க் கோட்டையை நம்மவர் அறிவர். அவன் அங்கு கொண்டு செல்லப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1806 யூலை மாதம் 10ந் திகதி அதிகாலையில், அக்கோட்டையிலிருந்த சென்னைப் படையின் சிப்பாய்கள் ஆங்கிலேயர்மீது பாய்ந்தனர்.

காரணம் யாது? சிப்பாய்கள் நெற்றியிற் சமயக் குறி இடலாகாது, காதிற் கடுக்கன் அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும், தோற் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை தரித்தல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. மறுத்தவர் சாட்டையடி பெற்றனர். இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே மனம் புண்பட்டனர். திப்பு சுல்தானின் புதல்வர்கள் அக்கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்தமையால், ஏற்றுவதற்கு ஒரு கொடியும் கிடைத்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால், ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப் படையுடன் விரைந்து வந்து, அன்று முற்பகலிலேயே கோட்டையைக் கைப்பற்றினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். விடியுமுன் தொடங்கியது உச்சிக்கு முன்னர் முடிந்தது.

வேலூரிற் புண்பட்ட சமய உணர்ச்சி இருந்தது, அரச குலத்தின் பெயர் இருந்தது, துணிவும் இருந்தது. இல்லாதது ஒன்று. கோட்டை மதிலுக்கு வெளியே கிராமங்கள் எழவில்லை. கிராமங்களைத் திரட்டும் வல்லமை பெற்றிருந்த பாளையக்காரரின் பலம் 1801ஆம் ஆண்டிலேயே முறிக்கப்பட்டு விட்டது. அகழியைத் தாண்டாத தீ அகழிக்குள்ளேயே அவிந்தது. இதனை மனத்திற் கொண்டு வடக்கே செல்வோம்.

சீருடை தரித்த உழவன்

கிழக்கிந்தியக் கம்பனியாரிடம் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று படைகள் இருந்தன. மூன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும், ஏறத்தாழ நாற்பதினாயிரம் ஐரோப்பியரும் சேவித்தனர். இவற்றுள் வங்காளப் படை என்று பெயர் பெற்றதில் வங்காளிகள் மிகச் சிலரே. பெரும்பாலோர் அயோத்தி நாட்டையும் பீகாரையும் சேர்ந்த பிராமணரும் இராசபுத்திரருமாவர். அயோத்தி நாட்டை அவ்வூர் வழக்கில் அவத் என்பர். அங்குள்ள ஒரு குடியானவன் வீட்டில் மூத்தவன் ஏர் பிடிப்பான். இளையவன் துவக்குப் பிடிப்பான். அறுவடைக் காலத்தில் விடுமுறையில் ஊருக்கு வருவான். ஊரின் வரிப் பளு அவன் வீட்டுப் பளு. ஊரின் கண்ணீர் அவன் தாயின் கண்ணீர்.

அவனுடைய சம்பளம் மாதம் ஏழு ரூபா. அதிலேயே உணவும் பிறவும் பார்த்துக் கொள்ளல் வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஓர் ஆங்கில இளைஞனுக்கு மேலான பதவி அவனுக்கு இல்லை. தூரதேசச் சேவைக்குக் கிடைத்து வந்த படிப்பணம் புதிதாக இணைக்கப்பட்ட நாடுகளில் நிறுத்தப்பட்டது. 1854இல் வந்த அஞ்சற் சட்டத்தால், வீட்டுக்குச் செலவின்றிக் கடிதம் அனுப்பும் சலுகையும் போயிற்று. 1856இல் வந்த சட்டமோ, புதிதாகச் சேருவோர் கடல் கடந்தும் சேவிக்க இணங்குதல் வேண்டும் என்றது. கடல் கடந்தாற் சாதி கெடும் என நம்பிய குடும்பங்களில், தந்தைக்குப் பின் மகன் படையிற் சேரும் மரபு இதனால் ஆட்டங் கண்டது.

இவையெல்லாம் சிப்பாயின் குறைகள். ஊரின் குறை இவற்றினும் பெரிது.

அவத் வீழ்ந்த கதை

டல்ஹௌசி பிரபு தேசாதிபதியாய் இருந்த காலத்தில், ஆண் சந்ததியற்ற அரசர் சுவீகாரம் எடுத்த புத்திரருக்கு அரசுரிமை இல்லை என்னும் விதியைக் காட்டி, 1848இற் சதாராவும், 1854இல் ஜான்சியும் நாகபுரியும் கம்பனியின் வயமாயின. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சுவீகார புத்திரராகிய நானா சாகிபுக்கு, தந்தை பெற்று வந்த ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபா உபகாரப் பணம் மறுக்கப்பட்டது.

அவத் நவாப் வாஜித் அலி ஷாவுக்குப் புத்திரர் இருந்தனர்; கம்பனியுடன் அவருக்குப் பகையும் இல்லை. ஆகவே அங்கு வேறு நியாயம் தேடப்பட்டது. ஆட்சி சீர்கெட்டது எனக் கூறி, 1856 பெப்ரவரியில் நாடு பறிக்கப்பட்டது. நவாப் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அரண்மனையை நம்பி வாழ்ந்த படைவீரர், கைவினைஞர், பாடகர், பணியாளர் என்று பல்லாயிரவர் பிழைப்பிழந்தனர்.

அடுத்து நிலத்தின்மேற் கை விழுந்தது. தாலூக்தார் எனப்பட்ட நிலப்பிரபுக்களை அகற்றிவிட்டு, உழுபவரிடம் நேரே வரி பெறுவதாகக் கூறி 1856இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னர் கிராமங்களில் நூற்றுக்கு 67 பங்கு தாலூக்தார்களிடம் இருந்தது. இவ்வேற்பாட்டின் பின் 38 பங்காகக் குறைந்தது. அவர்களுடைய கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைகள் கலைக்கப்பட்டன. உழவனுக்காவது நன்மை விளைந்ததா எனின், அதுவும் இல்லை. தாலூக்தார் கொடியவனாயினும், மழை பொய்த்த ஆண்டிற் காலந் தாழ்த்தி வாங்குவான். கலியாணத்துக்குக் கடன் கொடுப்பான். புதிய கச்சேரியோ குறித்த திகதியிற் குறித்த தொகையைக் கேட்டது. பிரபுவும் குடியானவனும் தம் பழைய பிணக்கை மறந்து ஒரே பக்கம் நிற்கும் நிலையைக் கம்பனியே உண்டாக்கி வைத்தது.

வேலூரில் இல்லாத விறகு இங்கே அடுக்கப்பட்டு விட்டது. பொறி ஒன்றே பாக்கி.

தோட்டாவும் பத்தாம் திகதியும்

அப்பொறி என்பீல்ட் துவக்கின் தோட்டாவாய் வந்தது. தோட்டாவின் கடதாசி உறையைப் பல்லாற் கடித்துத் திறத்தல் வேண்டும். அவ்வுறையிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்னும் செய்தி, 1857 சனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மிலிருந்து பரவியது. ஒன்று இந்துவுக்குப் பாவம். மற்றது முஸ்லிமுக்கு விலக்கு. அதிகாரிகள் பின்னர் எத்தனை சமாதானங் கூறியும் நம்பிக்கை திரும்பவில்லை. நம்பிக்கை முன்னமே இறந்து போயிருந்தது என்பதே அதன் பொருள்.

மார்ச்சு 29ந் திகதி பராக்பூரில் மங்கல் பாண்டே என்னும் சிப்பாய் தன் அதிகாரிகளைத் தாக்கினான். ஏப்பிரல் 8ந் திகதி தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்குமாறு ஆணையிட மறுத்த சமேதார் ஈசுவரி பிரசாத்தும் சில நாளிற் தூக்கு மேடை ஏறினான். ஆயினும் அன்று பராக்பூர் எழவில்லை.

எழுந்தது மீரத். ஏப்பிரல் 24ந் திகதி அங்கு 85 குதிரைப் படையினர் தோட்டாவைத் தொட மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் கடுங்காவல் விதித்தது. அவர்களிற் பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டு. மே 9ந் திகதி, படை முழுவதும் அணிவகுத்து நிற்க, அவர்கள் சீருடை களையப்பட்டுக் காலில் விலங்கு பூட்டப்பட்டனர். பல ஆண்டு சேவித்த மனிதர் தம் தோழர் முன்னிலையிற் கண்ணீர் விட்டனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மீரத் வெடித்தது. சிறை உடைந்தது, கடைத்தெரு மக்களும் சுற்றுப்புறக் கிராமத்தவரும் சிப்பாய்களுடன் கலந்தனர். இரவோடிரவாக நாற்பது மைல் கடந்து, மே 11ந் திகதி காலை டில்லியை அடைந்த குதிரை வீரர், எண்பத்தொரு வயதான முகலாய மன்னர் பகதூர் ஷாவின் அரண்மனை வாயிலில் நின்றனர்.

அதிகாரம் ஏதுமின்றிக் கவிதையிற் பொழுது போக்கி வந்த அம்முதியவர், தயங்கித் தயங்கியே தலைமையை ஏற்றார். ஆயினும் அவர் பெயர் சேர்ந்தமையால், படையினரின் கலகத்துக்கு ஓர் அரசின் உரு அமைந்தது. வடநாட்டில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கான்பூரில் நானா சாகிபு, இலக்னோவில் பேகம் ஹசரத் மகால், ஜான்சியில் அரசி இலட்சுமிபாய், பீகாரில் எண்பது வயதை எட்டிய குன்வர் சிங், பைசாபாத்தின் மௌலவி அகமதுல்லா ஷா ஆகியோர் தலைமை தாங்கினர்.

கிராமத்தின் முகம்

அரசரையும் அரசியரையும் பற்றிப் பாட்டும் கதையும் நிறைய உள. இக்கட்டுரையின் வினாவுக்கு விடையளிப்பவர் வேறொருவர். டில்லிக்கு அண்மையிலுள்ள பரோத் என்னும் பகுதியில் ஷா மல் என்றொரு ஜாட் குடியானவர் இருந்தார். அவர் குலத்தாரின் உறவு எண்பத்துநான்கு கிராமங்களிற் பரந்து கிடந்தது. வளமான மண், நல்ல நீர், ஆனால் வரி தாளாது நிலம் கைமாறிப் போய்க் கொண்டிருந்தது. ஷா மல் இரவிரவாக ஊர் ஊராகச் சென்று ஊர்த் தலைவர்களையும் உழவர்களையும் திரட்டினார். யமுனைப் பாலத்தை அழித்துப் பகைவரின் போக்குவரத்தைத் தடுத்தார். டில்லியிலிருந்த சிப்பாய்களுக்கு உதவினார். ஆங்கில அதிகாரி ஒருவரின் பங்களாவை நீதிமன்றமாக்கி, அங்கிருந்து ஊராரின் வழக்குகளைத் தீர்த்தார். 1857 யூலையிற் போர்க்களத்தில் மாண்டார்.

ஷா மல் எந்தப் படையிலும் சம்பளம் பெற்றவரல்லர். கொழுப்புப் பூசிய தோட்டாவைக் கடிக்கும் நிர்ப்பந்தம் அவருக்கு இருந்ததில்லை. அவர் எழுந்தது மண்ணுக்காக. அவரைப் போன்றோர் எழுந்த இடமெங்கும், வட்டிக்காரரின் கணக்கேடுகளும் கச்சேரியின் நிலப் பதிவேடுகளும் நெருப்பில் இடப்பட்டன. ஏன்? தம் நிலத்தை விழுங்கியது அந்த ஏடே என்பதை எழுத்தறியாத உழவனும் அறிந்திருந்தான்.

இன்னொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். அக்காலத்துப் பிரகடனங்கள் இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேர விளித்தன. ஹச்சுப் பெருநாள் வந்தபோது, இந்துக்களின் மனம் நோகாதிருக்குமாறு டில்லியிற் பசுவதையைப் பகதூர் ஷா தடை செய்தார். நகரத்தை வெளியிலிருந்து முற்றுகையிட்டோர் உள்ளே சமயச் சண்டை மூளும் எனக் காத்திருந்தனர்; அவர்கள் ஏமாந்தனர்.

மறைக்கலாகாத பக்கம்

சரித்திரம் எழுதுவோன் தன் பக்கத்தாரின் குற்றத்தையும் எழுதுதல் வேண்டும். கான்பூரிற் சரணடைந்த ஆங்கிலேயர், படகேறிச் செல்ல உறுதி பெற்றபின், யூன் 27ந் திகதி ஆற்றங்கரையிற் சுடப்பட்டனர். சிறைப்பட்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் ஏறத்தாழ இருநூறு பேர் யூலை 15ந் திகதி கொல்லப்பட்டனர். எந்த நியாயமும் இதனைக் கழுவாது.

ஆயினும் கொடுமை கான்பூரிற் தொடங்கியதென்று கூறுவது பொய். அதற்கு முன்னரே, சென்னையிலிருந்து தன் ஐரோப்பியப் படையுடன் சென்ற நீல் என்னும் தளபதி, காசியிலும் அலகாபாத்திலும் விசாரணை என்பது பெயரளவுக்கும் இன்றிக் குடிமக்களைத் தூக்கிலிட்டு, கிராமங்களுக்குத் தீ மூட்டியிருந்தான். பின்னர் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடித்தலும், டில்லி வீழ்ந்தபோது நடந்த கொலையும் கொள்ளையும் அக்கணக்கை மேலும் பெருக்கின.

தோல்வியின் காரணங்கள்

1857 செப்தெம்பர் 14ந் திகதி தொடங்கிய தாக்குதலில் ஒரு வாரத்துக்குள் டில்லி வீழ்ந்தது. பகதூர் ஷாவின் புதல்வர் இருவரும் பேரன் ஒருவனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மன்னர் இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862 நவம்பர் 7ந் திகதி அங்கே இறந்தார். 1858 மார்ச்சில் இலக்னோ பிடிபட்டது. குன்வர் சிங் அடுத்த மாதம் இறந்தார். யூன் மாதத்தில் குவாலியருக்கு அருகே இலட்சுமிபாய் போரில் வீழ்ந்தார். தாந்தியா தோப்பே 1859 ஏப்பிரலிற் தூக்கிலிடப்பட்டார். ஹசரத் மகால் நேபாளம் புகுந்து, 1879இல் அந்நிய மண்ணிலேயே கண் மூடினார்.

இத்தனை பேர் திரண்டும் தோற்றதேன்? தந்தியும் புதிய துவக்கும் மட்டும் காரணமல்ல. பஞ்சாபியரும் கூர்க்கரும் ஆங்கிலேயருக்குத் துணை நின்றனர். குவாலியரின் சிந்தியாவும் ஐதராபாத்து நிசாமும் கம்பனியின் பக்கமே இருந்தனர். சென்னைப் படையும், பம்பாய்ப் படையின் பெரும் பகுதியும் அசையவில்லை. சீனத்துக்குச் சென்று கொண்டிருந்த ஆங்கிலப் படை வழியில் திருப்பப்பட்டது. இலங்கையிலிருந்தும் உதவி சென்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இங்கிருந்த ஐரோப்பியப் படையைக் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். பேரரசு தன் கரங்களை எட்டுத் திக்கிலிருந்தும் ஒன்று சேர்த்தது. எதிர்த்தோரோ தத்தம் ஊரைக் காப்பதிலேயே நின்றனர். டில்லியில் திரண்ட சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. எல்லோரும் கீழ்ப்படியும் தளபதியும் இல்லை. பழைய அரசைத் திரும்பப் பெற அரசர் விரும்பினர். நிலத்தைப் பெறத் தாலூக்தார் விரும்பினர். வரியிலிருந்து விடுதலை உழவன் வேண்டினான். வென்றபின் எத்தகைய நாட்டை அமைப்பது என்பதில் ஒருமித்த எண்ணம் உருவாகுமுன்னரே களம் முடிந்து விட்டது.

ஆயினும், வேலூர் ஒரு முற்பகலில் முடிந்தது. இதுவோ ஓராண்டுக்கு மேல் நின்றது. இலக்னோ பிடிபட்ட பின்னரும் அவத்தின் கிராமங்கள் மாதக் கணக்காகப் போரிட்டன. நிலமெல்லாம் பறிமுதல் என்று கானிங் பிரபு பிரகடனஞ் செய்தபோது எதிர்ப்பு முன்னிலும் உரத்தது. படைவீட்டைப் பிடித்தாற் போதும் என்றிருந்த நிலை மாறி, ஒவ்வோர் ஊராகப் பிடிக்க வேண்டியதாயிற்று. கலகத்துக்கும் எழுச்சிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

வென்றவரும் இதனை உணர்ந்தனர். 1858ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கம்பனியின் ஆட்சி ஒழிந்தது. நவம்பர் 1ந் திகதி விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. குடிகளின் சமயத்திற் தலையிடுவதில்லை என அது வாக்களித்தது. சுவீகார உரிமை அரசருக்கு மீண்டது. அவத் தாலூக்தார்கள் நிலத்தைப் பெற்றுப் புதிய ஆட்சியின் தூண்களாயினர். படையில் ஐரோப்பியரின் விகிதம் உயர்ந்தது. பீரங்கிகள் பெரும்பாலும் அவர் கைக்கே மாற்றப்பட்டன. அரசருக்கு ஆறுதல் கிடைத்தது. நிலப்பிரபுவுக்கு நிலம் கிடைத்தது. ஷா மல்லின் எண்பத்துநான்கு கிராமங்களுக்குக் கிடைத்தது யாது என்று எவரும் கேட்கவில்லை.

ஒரு சிலையின் கதை

நீல் 1857 செப்தெம்பரில் இலக்னோவிற் கொல்லப்பட்டான். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. அவன் தூக்கிலிட்டவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. தமிழ் மக்கள் பல பத்தாண்டுகள் அச்சிலையின் நிழலில் நடந்து போயினர். 1927ஆம் ஆண்டிலே இளைஞர் பலர் அச்சிலையை அகற்றுமாறு சத்தியாக்கிரகஞ் செய்து சிறை சென்றனர். உடனே பலன் கிட்டவில்லை. பத்து ஆண்டுகளின் பின், 1937இல், இராசகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாய் இருந்தபோது, சிலை வீதியிலிருந்து நீக்கப்பட்டு நூதனசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டது.

1857இல் அசையாதிருந்த சென்னை எழுபது ஆண்டுகள் கழித்து, ஆயுதமின்றி, அலகாபாத்துக் கிராமத்தவரின் பொருட்டு எழுந்தது. காசியில் விழுந்த அடி தன்மீதும் விழுந்ததென உணர்வதற்கு ஒரு நாட்டுக்கு அத்தனை காலம் பிடித்தது.

மூத்தோர் இதனை முன்னரே அறிந்திருப்பர். இளைஞர் சிந்திப்பதற்காக ஒன்றைச் சொல்லி முடிப்போம். மனக்குறை இல்லாத கூட்டம் உலகில் இல்லை. தன் குறையை மாத்திரம் பேசுவோன் வேலூர்ச் சிப்பாயைப் போல ஒரு முற்பகலில் தனித்துப் போவான். அயலவன் குறையையும் தன் குறையாக எண்ணுவோனுக்குக் கிராமம் துணை வரும். துணை வந்தவர்களுக்குச் செல்லும் வழியும் சேரும் இடமும் தெளிவாய் இருத்தல் வேண்டும். இரத்தத்துக்கு இரத்தம் என்னும் வெறி அவ்வழியை மறைத்து விடலாகாது. முதலாவதை 1857 சாதித்துக் காட்டியது. மற்ற இரண்டையும் பின்வந்த தலைமுறையினர் மிகுந்த விலை கொடுத்தே கற்றுக்கொண்டனர்.